பெல்ட் போட மறுக்கும் பயணியிடம் எப்படிப் பேசுவது? விமானக் கேபின் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பயிற்சி மையத்தில் கதவைத் திறப்பது, தீயை அணைப்பது, விமானம் தண்ணீரில் இறங்கினால் படகை அவிழ்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். வேலைக்கு வந்த முதல் மாதத்தில் அநேகமாக இதில் எதுவுமே நடக்காது. நடப்பது வேறு. விமானம் நகரத் தொடங்கும் நேரத்தில் ஒருவர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது இங்கதான் இருக்கும், இப்ப என்னங்கிறீங்க?" என்பார். சுற்றி உள்ளவர்கள் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கட்டுரை. விதியைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அவர் அந்த விதிக்கு இணங்குவதை எளிதாக்கித் தர நிறைய வழி உங்கள் கையில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் தோற்றுப்போனதாக அவருக்குத் தோன்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான தகராறு அங்கேயே முடிந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

1. விதிக்கான காரணத்தை ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள்

"ரூல்ஸ் சார்" என்று சொல்லும் பணியாளருக்குப் பெரும்பாலும் காரணம் தெரியாது என்பது பயணிக்கு உடனே தெரிந்துவிடும். காரணம் தெரிந்தவர் பேசும்போது குரலே மாறும். அதனால் முதல் வேலை இதுதான்: ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பை. 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள விமானத்துக்கு அனுமதி வாங்க, இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, எல்லாரும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். வழியில் கிடக்கும் ஒரு பை அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஓடுதளத்தில் மோதித் தீப்பிடித்த பயணிகள் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று பணியாளர்கள் கத்தியதும், பயணிகள் கேட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2016-ல் துபாயில் எரிந்த விமானத்திலிருந்தும் எல்லாப் பயணிகளும் தப்பினார்கள், ஆனால் பலர் மேல் அலமாரியைத் திறந்து பையை இழுத்துக்கொண்டிருந்த காட்சி காணொளியாக இன்றும் சுற்றுகிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு பை விஷயத்தில் உங்கள் குரல் தடுமாறாது.

பெல்ட். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் வான்வெளியில் கடும் காற்றுக் குலுக்கலில் சிக்கியது. பெல்ட் விளக்கு எரிந்து சில விநாடிகள்தான் ஆகியிருந்தன. பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். ஒரு பயணி இறந்தார், பலருக்கு முதுகெலும்பிலும் தலையிலும் அடி. "விளக்கு எரிஞ்சதும் போட்டுக்கறேன்" என்பவருக்கு இதுதான் பதில், ஆனால் சாவுக் கதையை அவரிடம் சொல்லாதீர்கள். "குலுக்கல் சொல்லிட்டு வராது சார்" என்றால் போதும்.

ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது, வெளியே எந்தப் பக்கம் தீ என்று பார்க்கவும், கண் வெளி வெளிச்சத்துக்குப் பழகவும். விளக்கை மங்கலாக்குவதும் அதே காரணத்துக்குத்தான். சாய்ந்த இருக்கையும் விரித்த தட்டும் பின்னால் இருப்பவர் எழுந்து ஓடும் வழியை மறிக்கும். கைக்குழந்தையைத் தாய் தன் பெல்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், திடீரென நிற்கும்போது தாயின் உடல் எடை முழுவதும் குழந்தை மேல் விழும், அதனால்தான் தனி வளையப் பெல்ட் கொடுக்கிறோம்.

கழிவறையில் புகைப்பது. 1973-ல் பாரிஸ் அருகே ஒரு விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் பிடித்த தீயின் புகை 123 பேரைக் கொன்றது. அணையாத சிகரெட்டாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இன்றும் கழிவறைக் கதவில் ஆஷ்ட்ரே இருக்கிறதே என்று குதர்க்கமாகக் கேட்பவர்கள் உண்டு. தடையை மீறி ஒருவர் பற்றவைத்துவிட்டால், அதைக் காகிதக் குப்பைக்குள் போடாமல் இருக்கத்தான் அது அங்கே இருக்கிறது.

பவர் பேங்க் இப்போது புதிய தலைவலி. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த விமானத்தின் மேல் அலமாரியில் தீப்பிடித்தது. அதன் பிறகு அந்த நாடு பவர் பேங்க்கை மேல் அலமாரியில் வைக்கவே தடை போட்டது. "போன மாசம் வந்தப்ப இப்படிச் சொல்லலையே" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. விதி உண்மையிலேயே மாறிக்கொண்டிருக்கிறது. "புதுசா வந்திருக்கு சார், கையில எட்டுற தூரத்துல இருந்தா சூடானா உடனே தெரியும்" என்று சொல்லிவிடுங்கள்.

2. கதவு மூடுமுன் கவனியுங்கள்

வாசலில் நின்று வணக்கம் சொல்வது உபசாரம் மட்டும் இல்லை. அந்த இரண்டு விநாடியில் ஒருவரின் நடை, பேச்சுக் குழறல், மது வாடை, கூட வருபவரோடு சண்டை, கண்ணைப் பார்க்காமல் போவது எல்லாம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் உடனே பர்சரிடம் (கேபின் குழுவின் தலைவர்) சொல்லுங்கள். போதையில் தள்ளாடுபவரை ஏற்றக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. தரையில் இருக்கும்போது விமான நிலைய ஊழியர்கள், பாதுகாப்புக் காவலர்கள் எல்லாரும் கூப்பிடும் தூரத்தில் இருப்பார்கள். மேலே போய்விட்டால் இருப்பது உங்கள் குழு மட்டுமே. "ஏத்திக்கலாம், தூங்கிடுவார்" என்று முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏறும்போதே கோபமாக இருப்பவர் பெரும்பாலும் உங்கள் மேல் கோபமாக இல்லை. விமானம் தாமதம், அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியாது, குழந்தையைத் தனி வரிசையில் போட்டுவிட்டார்கள், வாசலில் பையைப் பிடுங்கி அடியில் ஏற்றிவிட்டார்கள். ஏதோ ஒன்று. பறப்பதற்குப் பயப்படுகிறவர்களும் பயத்தை எரிச்சலாகத்தான் காட்டுவார்கள், முக்கியமாகக் கூட ஆள் இருக்கும்போது. அவர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, "மூணு மணி நேரம் காத்திருந்திருக்கீங்க, எரிச்சலாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு விதியைச் சொல்லுங்கள். வரிசை மாறினால் வேலை நடக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். சொன்னதைச் செய்யாதவர் எல்லாரும் அடம்பிடிப்பவர் இல்லை. சர்க்கரை குறைந்தவர், மறதி நோய் உள்ளவர், காது கேட்காதவர், உங்கள் மொழி புரியாதவர், ஆட்டிசம் உள்ளவர், எல்லாரும் முதல் பார்வைக்கு முரண்டு பிடிப்பவர்போலவே தெரிவார்கள். கழுத்தில் பச்சை நாடாவில் சூரியகாந்திப் பூப் படம் போட்டிருந்தால், வெளியே தெரியாத உடல், மனக் குறைபாடு இருக்கிறது என்று அவரே சொல்கிறார் என்று அர்த்தம். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் தொடங்கிய வழக்கம் அது, இப்போது உலகின் பல விமான நிலையங்களில் பார்க்கலாம்.

3. முதல் வேண்டுகோள்

எப்படி நிற்கிறீர்கள் என்பதில் பாதி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் நின்று பேசினால் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அதட்டல்போலத்தான் விழும். நடைவழியில் கொஞ்சம் குனிந்து, கண் மட்டத்துக்கு வந்து, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். கை திறந்திருக்கட்டும், விரலை நீட்ட வேண்டாம். தொடவே கூடாது. அவர் குரல் உயர்ந்தால் உங்கள் குரல் இறங்கட்டும்.

சொல்ல வேண்டியது மூன்று துண்டு: என்ன செய்ய வேண்டும், ஏன், அதற்கு நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்.

"சார், இந்தப் பையை மேல வைக்கணும். அவசரமா வெளிய போகணும்னா பக்கத்துல இருக்கிறவங்க கால்ல மாட்டிக்கும். நானே வச்சுடறேன், இறங்கும்போது எடுத்துத் தரேன்."

சொல்லக் கூடாதவையும் உண்டு. "அமைதியா இருங்க" என்று சொல்லி யாரும் அமைதியானதாக நான் பார்த்ததில்லை. "ஏற்கெனவே சொன்னேன்ல", "உங்களுக்கு மட்டும் என்ன?", "எல்லாரும் போட்டிருக்காங்க பாருங்க" ஆகிய மூன்றும் ஒருவரைப் பள்ளிக்கூடப் பையனாக்கி நிற்கவைப்பவை. பெரியவர்களுக்கு அது பொறுக்காது.

சொல்லி முடித்ததும் அங்கேயே நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெல்ட்டை மாட்டினால் அது பணிந்துபோனதாகிவிடும், பார்க்காதபோது மாட்டினால் அவராகச் செய்ததாகிவிடும். அதனால் "நன்றி சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடுத்த இரண்டு வரிசையைச் சரிபார்க்கப் போங்கள். திரும்பி வரும்போது பெல்ட் மாட்டியிருக்கும், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடுங்கள்.

தூங்குபவர்கள் தனி வகை. நீண்ட பயணத்தில் விளக்கை அணைக்கும்முன், "பெல்ட்டைப் போர்வைக்கு மேல மாட்டிக்கோங்க, அப்பத்தான் நடுவுல உங்களை எழுப்ப மாட்டோம்" என்று சொல்லிவிட்டால், நடுராத்திரியில் எழுப்பி வாங்கும் திட்டு மொத்தமாக மிச்சம்.

4. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரே மறுப்பு, நேரத்தைப் பொறுத்து வேறு வேறு விஷயம். விமானம் நடைமேடையில் நிற்கும்போது நிதானமாகப் பேசலாம். ஓடுதளத்தை நோக்கிப் போகும்போது உங்களுக்கு இருப்பது ஒன்றிரண்டு முயற்சிதான். பிறகு பர்சரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் கேப்டனிடம் சொல்வார், கேப்டன் விமானத்தை நிறுத்திவைக்கலாம், திருப்பிக்கொண்டும் போகலாம். கேபின் தயார் இல்லை என்றால் தயார் என்று சொல்லாதீர்கள். நூறு பேர் தாமதமாவார்களே என்று ஒரு சங்கடம் வரும். அதைச் சுமக்க வேண்டியது நீங்கள் இல்லை.

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது, ஒருவர் எழுந்து நிற்கிறார். இப்போது நீங்கள் எழக் கூடாது. ஜம்ப் சீட்டில் (பணியாளர்களுக்கான மடக்கு இருக்கை) பெல்ட்டோடு இருந்தபடியே, சார், தயவுசெய்து எதுவும் இல்லாமல், "உட்காருங்க! பெல்ட்டைப் போடுங்க!" என்று உரக்கச் சொல்லுங்கள். கடும் குலுக்கலிலும் அப்படித்தான். அமெரிக்கக் கணக்குப்படி குலுக்கலில் பலத்த அடிபடுபவர்களில் பயணிகளைவிடக் கேபின் பணியாளர்களே அதிகம். அடிபட்டுக் கிடக்கும் பணியாளரால் யாரையும் காப்பாற்ற முடியாது.

பெல்ட் விளக்கு எரியும்போது கழிவறைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கெஞ்சுவது அடிக்கடி வரும். தரையில் நகரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் முடியாது என்பதுதான் பதில். மேலே லேசான குலுக்கலில், "விளக்கு எரியுது மேடம், நடந்தா விழுந்து அடிபடலாம், அதனால உட்காரச் சொல்றேன்" என்று ஆபத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பரவாயில்லை, போங்க" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதற்குமேல் போய் மறித்து நிற்பதால் நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வயதான அம்மா நனைந்த உடையோடு உட்கார்ந்திருப்பதும் நமக்குப் பெருமை இல்லை.

5. இரண்டாம் முறை, மூன்றாம் முறை

இரண்டாம் முறை போகும்போது கட்டளையைக் கேள்வியாக்குங்கள். "மேல வைக்கட்டுமா, இல்ல முன் சீட்டுக்கு அடியில வச்சுக்கறீங்களா?" இரண்டுமே விதிக்கு உட்பட்டவை, ஆனால் முடிவு அவருடையது. அவசர வழி வரிசையில் இருப்பவரிடம் "அடியில்" என்ற பேச்சே கிடையாது, அங்கே தரையில் எதுவும் இருக்கக் கூடாது. அவரிடம் "பை மேல போகணும், இல்லன்னா வேற சீட் பார்த்துத் தரேன், எது வசதி?" என்று கேளுங்கள்.

"போன ஃப்ளைட்ல ஒண்ணும் சொல்லலையே" என்ற வாதம் வரும். உண்மையாகவும் இருக்கலாம். யாரோ ஒருவர் சும்மா விட்டதற்கு விலை கொடுப்பது எப்போதும் அடுத்த குழுதான். சக பணியாளரைக் குறை சொல்லாமலும், அவரைப் பொய்யர் ஆக்காமலும், "இருக்கலாம் சார். இன்னைக்கு இந்த கேபினுக்கு நான்தான் பொறுப்பு, அதனால கேக்கறேன்" என்று முடித்துவிடுங்கள்.

அப்புறமும் மறுத்தால் ஆளை மாற்றுங்கள். உங்களைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் என்ற நிலை வந்துவிட்டது என்றால், நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது. பர்சரோ வேறு ஒருவரோ வந்து அதே வார்த்தையைச் சொன்னால் கேட்டுவிடுவார். இதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டும் புதியவர்கள் நிறைய. ஒரே நிபந்தனை, வருபவரும் நீங்கள் கேட்டதையேதான் கேட்க வேண்டும். போகும்முன் அவரிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்புங்கள்.

அதன் பிறகு எச்சரிக்கை. இங்கே மென்மையான சுற்றிவளைப்பு வேண்டாம். "சார், பெல்ட் போடச் சொல்றது கேப்டனோட உத்தரவு. போடலைன்னா அவர்கிட்ட தெரிவிப்போம், இறங்கின இடத்துல அதிகாரிங்க வரலாம்." பல நிறுவனங்களில் எழுத்து எச்சரிக்கை அட்டை இருக்கும், கேப்டன் சம்மதத்தோடு கொடுப்பார்கள். கத்திக்கொண்டிருப்பவர் கையில் ஒரு அச்சிட்ட தாள் வந்ததும் படிக்க ஆரம்பிப்பார், பேச்சு நிற்கும். கேப்டனிடம் கேட்காமல் "போலீஸைக் கூப்பிடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். நடக்காவிட்டால் உங்கள் அடுத்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1963-ன் டோக்கியோ உடன்படிக்கைப்படி, விமானத்தின் பாதுகாப்பையும் உள்ளே ஒழுங்கையும் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கக் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு, குழுவினர் உதவியையும் அவர் கேட்கலாம். ஆனால் வழக்கு நடத்தும் உரிமை முக்கியமாக விமானம் பதிவான நாட்டுக்கே இருந்ததால், வேறு நாட்டில் இறங்கிய எத்தனையோ பேர் அப்படியே நடந்து போய்விட்டார்கள். இறங்கிய நாடே வழக்குப் போட வழிசெய்த 2014-ன் மான்ட்ரியல் நெறிமுறை 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதை ஏற்ற நாடுகளில்.

6. மது

விமானத்தில் தகராறு என்றால் அதில் மது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "நீங்க குடிச்சிருக்கீங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், அவர் இல்லை என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுவார். பட்டென்று நிறுத்துவதற்குப் பதில் மெதுவாக்குங்கள்: தண்ணீரும் சாப்பாடும் முதலில், அடுத்த கோப்பை கொஞ்சம் தாமதமாக. முக்கியமானது, அந்த இருக்கை எண்ணை முழுக் குழுவுக்கும் சொல்வது. முன்பக்கம் மறுத்தது பின்பக்கம் கிடைத்தால் உங்கள் வார்த்தை காற்றில் போனது. கடையில் வாங்கிய சொந்தப் பாட்டிலைத் திறப்பவர்களும் இருப்பார்கள். "நான் பத்திரமா வச்சிருக்கேன், இறங்கும்போது கொடுக்கறேன்" என்று இருக்கை எண் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

7. கை நீண்டால்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இத்தகைய நடத்தையை நான்கு நிலையாகப் பிரிக்கிறது: வாய்ச்சண்டையும் மறுப்பும், உடல்ரீதியான தாக்குதல், உயிருக்கு ஆபத்தான நடத்தை, விமானி அறைக்குள் நுழைய முயல்வது. கேப்டனுக்குத் தகவல் சொல்லும்போது இந்த எண்ணைச் சொன்னால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. இரண்டாம் நிலை வந்ததும் சமாதான முயற்சி முடிந்தது. தள்ளி நில்லுங்கள், தனியாகப் போகாதீர்கள், இன்டர்காமில் விமானி அறைக்குச் சொல்லுங்கள், அந்தக் கதவு எக்காரணத்துக்கும் திறக்கக் கூடாது.

கட்டிவைப்பது கடைசி வழி. கேப்டன் சொன்ன பிறகு, பயிற்சி பெற்ற ஆட்களோடு, தேவைப்பட்டால் உடல்வலு உள்ள பயணிகள் ஒன்றிரண்டு பேரின் உதவியோடு செய்வது. முகம் குப்புறப் படுக்கவைத்து மேலே உட்காரக் கூடாது, மூச்சு நின்றுவிடும். கட்டியபின் ஒருவர் கூடவே இருந்து மூச்சையும் கை நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரமாக வெளியேற நேர்ந்தால் இவரை யார் அவிழ்ப்பது என்பதை அப்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

சுற்றி உள்ளவர்கள் படம் பிடிப்பார்கள். போனைப் பிடுங்கப் போகாதீர்கள். உங்கள் மேலதிகாரி பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டு பேசுங்கள், அது போதும். "நான் பேசிப் பாக்கறேன்" என்று எழுந்துவரும் பக்கத்து வரிசைக்காரருக்கு நன்றி சொல்லி உட்காரவையுங்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சண்டைக்கு இரண்டாவது ஆள் கிடைத்தால் அது பெரிதாகும்.

8. எழுதிவையுங்கள்

அறிக்கையை விடுதிக்குப் போய் எழுதலாம் என்று வைக்காதீர்கள். நேரம், இருக்கை எண், யார் யார் பேசினார்கள் என்பதை அவ்வப்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். "பயணி மிக மோசமாக நடந்துகொண்டார்" என்ற வரியால் யாருக்கும் பயன் இல்லை. இப்படி எழுதுங்கள்: "22:40. இருக்கை 27சி. பெல்ட் போடும்படி மூன்றாவது முறை பர்சர் கேட்டார். பயணி 'என்னைத் தொட்டால் அடிப்பேன்' என்று உரக்கச் சொல்லி, தட்டில் இருந்த கோப்பையை நடைவழியில் எறிந்தார். 27டி, 28சி பயணிகள் பார்த்தனர்." அவர் சொன்ன கெட்ட வார்த்தை எதுவாக இருந்தாலும் அதையே எழுதுங்கள், நாகரிகமாக்க வேண்டாம். அவர் போதையில் இருந்தார் என்பது உங்கள் ஊகம். கண் சிவந்திருந்தது, பேச்சு குழறியது, நான்கு கோப்பை கொடுத்தோம் என்பதுதான் நீங்கள் பார்த்தது.

சாட்சிகளின் பெயரையும் தொடர்பு எண்ணையும் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கதவு திறந்ததும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதிகாரிகள் வந்தால் பர்சரோ கேப்டனோ பேசட்டும், உங்களிடம் கேட்டால் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த விமானம் அன்றைக்கே இருக்கிறது, கை இன்னும் நடுங்குகிறது என்றால் பர்சரிடம் சொல்லி வேறு பகுதியை மாற்றிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.